எவ்வளவு தேய்க்கலாம்?

பளபளப்பு என்பது எதையோ எடுத்துப் பூசுவதால் உண்டாகிறது என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எண்ணெய் தடவினால் தலைமயிர் மினுமினுக்கிறது. மெழுகு பூசினால் மேஜை மினுமினுக்கிறது. அதுபோலக் கடையில் ஒரு டப்பா பாலிஷ் வாங்கித் தடவிவிட்டால் மோட்டார் வண்டியும் கண்ணாடிபோல் ஆகிவிடும் என்பது நம்முடைய நம்பிக்கை. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கிற படமும் அந்த நம்பிக்கையைத்தான் வளர்க்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்குத் துலக்குகிற பெண்களுக்கு உண்மை தெரியும். புளியும் சாம்பலும் விளக்கின்மேல் எதையும் சேர்ப்பதில்லை, அதிலிருந்து எடுக்கின்றன. களிம்பை எடுக்கின்றன; களிம்போடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவில், பித்தளையையும் கொஞ்சம் எடுக்கின்றன. மூன்று தலைமுறையாகத் துலக்கப்பட்ட ஒரு விளக்கைக் கவனித்துப் பாருங்கள். உச்சியில் இருக்கிற அன்னத்தின் கண்ணும் இறகும் மழுங்கிப் போயிருக்கும். விளக்கு பளபளவென்றுதான் இருக்கிறது. அன்னம்தான் அன்னமாக இல்லை.

மோட்டார் வண்டியின் கதையும் இதுதான். கண்ணாடிபோல் முகம் தெரிகிற ஒரு கறுப்பு வண்டியைத் தெருவில் பார்க்கும்போது நாம் 'நன்றாகப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள்' என்கிறோம். 'நன்றாகத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள்' என்று சொல்வதுதான் சரி. ஒளி அங்கே புதிதாக வந்து சேரவில்லை. ஒளிக்கு இடைஞ்சலாக இருந்தவை போயிருக்கின்றன.

இந்தத் தொழிலைப் பற்றி நான் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. திருத்துவது என்னும் காரியத்தைப் பற்றி வெகு காலமாகவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்து வருகிறது. நம்மை நாமே திருத்திக்கொள்வது, பிள்ளைகளைத் திருத்துவது, கூட வாழ்கிறவர்களைத் திருத்துவது என்று நம் வாழ்நாளில் பாதி இதிலேயே கழிகிறது. இதற்கு ஓர் எல்லை உண்டா, உண்டானால் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கு நீதி நூல்களில் எனக்குக் கிடைத்ததைக் காட்டிலும் தெளிவான பதில் ஒரு பெயின்ட் பட்டறையில் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், வண்டியின் மேல்பரப்பு எப்படிக் கண்ணாடியாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்த்தால், அதன் மேல் ஆரஞ்சுப் பழத் தோலைப் போல மெல்லிய மேடுபள்ளம் தெரியும். பீச்சாங்குழலிலிருந்து சிறு துளிகளாகப் போய் விழுந்த பெயின்ட் முழுவதும் சமமாகப் பரவுவதற்குள் காய்ந்துவிடுவதால் ஏற்படுவது அது. அந்த மேடுபள்ளத்தில் பட்ட ஒளி நேராகத் திரும்பாமல் பல பக்கமும் சிதறுகிறது. ஆகவே நிழல் தெரிகிறதே தவிர முகம் தெரிவதில்லை. அந்த மேடுகளைச் சமமாக்கத்தான் உப்புத்தாள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற அந்தத் தாளைப் பட்டறைக்காரர்கள் 'வாட்டர் பேப்பர்' என்கிறார்கள். அதில் 1000, 1500, 2000, 3000 என்று எண்கள் போட்டிருக்கும். எண் ஏற ஏற மணல் நுண்மையாகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாக்கினால் அதில் ஒரு பாகத்துக்கு மைக்ரான் என்று பெயர். 1000 எண் தாளில் உள்ள மணல் ஏறக்குறைய 18 மைக்ரான்; 2000 எண் தாளில் 10 மைக்ரான்.

தேய்க்கத் தொடங்கியதும் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? வண்டியில் கொஞ்சநஞ்சம் இருந்த பளபளப்பும் போய்விடும்! கறுப்பு வண்டி சாம்பல் பூத்தாற்போல் வெளிறிப்போகும். வண்டிக்குச் சொந்தக்காரர் அந்த நேரத்தில் வந்து பார்த்தாரானால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆனால் தொழில் தெரிந்தவன் கலங்குவதில்லை. 1500 எண் தாள், 1000 எண் தாள் போட்ட கோடுகளை அழித்துத் தன் கோடுகளைப் போடுகிறது. 2000 எண் தாள் அந்தக் கோடுகளை அழித்து அவற்றிலும் மெல்லிய கோடுகளைப் போடுகிறது. கடைசியில் கம்பளிச் சக்கரத்திலும் நுரைப் பஞ்சுச் சக்கரத்திலும் மெருகுக் குழம்பை வைத்துச் சுழற்றும்போது கோடுகள் இன்னும் மெலிந்து, ஒளியின் அலைக்கே தட்டுப்படாத அளவுக்குச் சிறுத்துப் போகின்றன. நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானில் பத்தில் நாலு பங்கிலிருந்து பத்தில் ஏழு பங்கு வரை. அதிலும் மிகச் சிறியதான மேடுபள்ளத்தை ஒளி பொருட்படுத்துவதில்லை. வந்தபடியே ஒழுங்காகத் திரும்பிவிடுகிறது. அப்போதுதான் முகம் தெரிகிறது.

இதிலே நான் கவனித்த முதல் விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடிபோல் ஆன வண்டியிலும் கீறல்கள் இருக்கின்றன. ஒரு கீறலும் இல்லாத பரப்பு என்று எதுவும் உலகத்தில் இல்லை. பெரிய கீறல்கள் சிறிய கீறல்களாக மாற்றப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். மகான்களின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது இதுவே. அவர்களிடம் குறையே இருந்ததில்லை என்று அடியார்கள் சொல்வார்கள். கூடவே இருந்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் முன்கோபமும் பிடிவாதமும் சின்னச் சின்ன ஆசைகளும் அவர்களிடமும் இருந்திருக்கின்றன. அவை பிறர்மீது படுகிற ஒளியைச் சிதற அடிக்காத அளவுக்கு மெலிந்திருந்தன. மனிதனுக்கு எட்டக்கூடிய தூய்மை அதுதான் என்று தோன்றுகிறது.

இரண்டாவது விஷயம்தான் முக்கியமானது. எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இன்றைய வண்டிகளில் நிறப் பூச்சுக்கு மேல் நிறமில்லாத தெளிந்த பூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பு எல்லாம் அதில்தான். அது பெரும்பாலும் 35 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை கனமுள்ளது. நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். ஆக, ஒரு மயிரிழையைக்காட்டிலும் மெல்லிய அந்தத் திரைக்குள்ளேதான் இவ்வளவு வேலையும் நடக்கவேண்டும். அந்தத் திரை வெறும் அழகுக்காக வைத்ததன்று. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கி, அடியிலிருக்கிற நிறத்தை வெளுக்காமல் காப்பாற்றுவதும் அதுதான். அது வண்டிக்குக் குடை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்தக் குடையில் கொஞ்சம் கரைகிறது. கரைந்தது கரைந்ததுதான், எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். ஆகவே, நல்ல தொழிலாளி வேலை தொடங்குமுன் அங்கெல்லாம் காகித நாடா ஒட்டிவிடுவான். அப்படி ஒட்டாமல் சக்கரத்தை ஓட்டினவன் ஒரு நொடியில் குடையைக் கிழித்துவிடுவான். பிறகு நிறம் தெரியும். அதற்கும் பிறகு வெறும் தகரம் தெரியும்.

ஆக, வண்டிக்கு அழகைத் தருவதும் ஆயுளைத் தருவதும் ஒரே பூச்சு. அழகைக் கூட்டக் கூட்ட ஆயுளில் கழிகிறது. இப்படிச் சொல்லும்போதே, இது வண்டியைப் பற்றிய பேச்சாக மட்டும் நிற்கவில்லை என்பதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

தேய்க்கிற கைக்கும் இதிலே ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்தில் வண்டிக்கு வார்னிஷ் பூசி, காயவிட்டு, பியூமிஸ் கல்லின் தூளால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் டூபாண்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டியூகோ' என்கிற விரைவில் காயும் பூச்சைக் கொண்டுவந்த பிறகுதான் வாரங்கள் நாட்களாகக் குறைந்தன. ஆனால் தேய்ப்பது குறையவில்லை. பூச்சு மங்கலாகவே காய்ந்ததால் தேய்த்துத்தான் மெருகேற்ற வேண்டியிருந்தது. பெயின்டில் ஈயம் கலந்திருந்த காலம் அது. உலர்ந்த தாளால் தேய்த்தால் எழும் தூசியெல்லாம் தொழிலாளியின் மூச்சுப்பைக்குள் போகும். பிலடெல்பியாவில் மை தயாரித்து வந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர் தண்ணீரில் நனைத்தாலும் கெடாத உப்புத்தாளைக் கண்டுபிடித்தார். த்ரீ எம் கம்பெனி 1921-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு தூசி சேறாகித் தரையில் வழிந்தது. அந்தத் தாளின் பெருமையாக எல்லோரும் சொல்வது அது தரும் வழவழப்பை. எனக்கென்னவோ, அது மிச்சப்படுத்திய மூச்சுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு பொருள் பளபளப்பதைப் பார்க்கும்போது, 'இந்த ஒளிக்காக எங்கே, யாரிடமிருந்து எது எடுக்கப்பட்டது?' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டறையில் எனக்குப் பதில் கிடைத்தது என்று சொன்னேன் அல்லவா? சென்னையில் புதுப்பேட்டைப் பக்கம் உள்ள பட்டறை ஒன்றுக்கு நண்பரோடு போயிருந்தேன். நண்பருடைய வண்டி தயாராகச் சற்று நேரமாகும் என்றார்கள். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஓர் இளைஞர் தம்முடைய கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இன்னும் பத்து நாளில் தங்கைக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. யாரோ ஆணியாலோ சாவியாலோ இழுத்திருக்கிறார்கள்.

அறுபது வயதுக்கு மேலிருக்கும் மேஸ்திரி, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். தாமாக ஒன்றும் சொல்லவில்லை.

"சார், நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க."

இளைஞர் இழுத்துப் பார்த்தார்.

"மாட்டுதா?"

"மாட்டுது."

"நகம் மாட்டற கோட்டை நான் தேய்ச்சு எடுக்கமாட்டேன் சார். எடுக்கத் தெரியாம இல்லே. கோடு போயிடும். அதோட அந்த இடத்திலே இருக்கிற பூச்சும் போயிடும். ரெண்டு வெயில் காலம் போனா அங்கே திட்டுத் திட்டா வெளுக்கும். அப்போ நீங்க என்னைத் திட்டுவீங்க."

"கல்யாணத்துக்கு வேணுமே, மேஸ்திரி?"

"அதுக்கு வேணும்னா மெழுகு வெச்சு அடைச்சுக் குடுக்கறேன். ராத்திரி விளக்கிலே தெரியாது. நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவினா மறுபடி தெரியும். அப்புறம் 'ஏமாத்திட்டான்'னு சொல்லக் கூடாது. இல்லே, கதவு முழுக்கப் புதுசா அடிக்கணும். அதுவும் வேணாம்னா, கோட்டோட ரெண்டு ஓரத்தையும் லேசா மழுக்கி விடறேன். கோடு இருக்கும், கண்ணைக் குத்தாது."

இளைஞர் வெகு நேரம் யோசித்தார். கடைசியில் ஓரத்தை மழுக்கிவிடும்படி சொன்னார். அவர் என்ன முடிவு செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்தக் கிழவனார் விரலை மடக்கிச் சொன்ன மூன்று வழிகள்தாம் வீட்டுக்கு வந்த பிறகும் மனத்தில் நின்றன. மறைக்கலாம், நீக்கலாம், விட்டுவைக்கலாம். ஒரு குறையைக் கண்ட மனிதன் செய்யக்கூடியவை உலகத்தில் இந்த மூன்றுதானே?

மறைப்பது கேவலம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வீட்டில் துக்கத்தை வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தலில் வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு 'வாருங்கள்' என்று அழைக்கிற தாயும் மெழுகு வைத்துத்தான் அடைத்திருக்கிறாள். அவளை ஏமாற்றுக்காரி என்று யாரால் சொல்ல முடியும்? மறைப்பில் தீங்கு எங்கே வருகிறதென்றால், மெழுகை மெழுகு என்று சொல்லாமல் பூச்சு என்று சொல்லி விற்கும்போது வருகிறது. மேஸ்திரி 'நாலு தரம் கழுவினால் தெரியும்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் அவர் கையில் அது மறைப்பாக இருந்தாலும் பொய்யாக இல்லை. பிறருக்கு முன்னால் மறைக்கிறவன் கல்யாணத்தை நடத்தி முடிக்கிறான். தனக்குத்தானே மறைத்துக்கொள்கிறவன் எதையும் நடத்துவதில்லை.

நீக்குவது உயர்ந்த வழி. அதில் சந்தேகமில்லை. நகத்தில் மாட்டாத கோடுகளையெல்லாம் நீக்கத்தான் வேண்டும். ஆனால் 'நீக்க முடிகிறது' என்பது 'நீக்கலாம்' என்பதற்குப் போதுமான காரணம் ஆகுமா? நம்முடைய வீடுகளில் ஏற்படுகிற பெரிய துன்பங்களில் பல, இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனார் மிகவும் சிரத்தையுள்ளவர். மகனுடைய கையெழுத்தைத் திருத்தினார்; நடையைத் திருத்தினார்; உரக்கச் சிரிப்பதைத் திருத்தினார்; படம் வரைந்துகொண்டிருந்த பழக்கத்தையும் திருத்தினார். ஒவ்வொன்றுக்கும் நியாயம் வைத்திருந்தார். அடித்தவரும் அல்ல, கெட்டவரும் அல்ல. பையன் மெருகேறினான். இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். பத்துப் பேர் பாராட்டும்படி நடந்துகொள்கிறான். அவனோடு ஒருநாள் ஓட்டலுக்குப் போயிருந்தேன். சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டதும் அவன் என் முகத்தைப் பார்த்தான். "உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எதுவோ அதுவே எனக்கும், மாமா" என்றான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்து இன்னொரு முறை கேட்டேன். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. இட்லியா, தோசையா என்பதைக்கூடச் சொல்லத் தெரியாத அளவுக்கு அவன் தேய்ந்து போயிருந்தான். எதிரே யார் உட்கார்ந்தாலும் அவர் முகம் அவனிடம் அழகாகத் தெரியும். கண்ணாடியின் சிறப்பும் குறையும் அதுதானே? அதற்குத் தன் முகம் என்று ஒன்று கிடையாது.

தகப்பனாரை மட்டும் சொல்வானேன்? புதிதாக வந்த மருமகளின் ஊர்ப் பேச்சைத் திருத்துகிற மாமியார், கணவனின் தின்னும் பழக்கத்தை நாலுபேர் நடுவில் திருத்துகிற மனைவி, எல்லாப் பையன்களின் கட்டுரையையும் ஒரே நடைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வாத்தியார் எல்லோரும் இந்தத் தொழிலாளிகளே. இவர்களில் பலர் ஆழ்ந்து தேய்ப்பதுகூட இல்லை. தினந்தோறும் துடைக்கிறார்கள். அடுக்குமாடி வீடுகளின் வாசலில் காலையில் ஒரு காட்சி பார்க்கலாம். முந்தின நாள் தூசி படிந்த வண்டியை, தண்ணீர் விடாமல், உலர்ந்த துணியால் பையன் ஒருவன் அரக்கப் பரக்கத் துடைத்துக்கொண்டிருப்பான். வண்டி சுத்தமாகிறது என்று சொந்தக்காரருக்குத் திருப்தி. துணியில் ஒட்டிய மணல் ஒவ்வொரு நாளும் மயிரிழைக் கோடுகளை இழுத்துவிடுகிறது. நிழலில் ஒன்றும் தெரியாது. உச்சி வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை கட்டியதுபோல் இருக்கும். 'இதை இப்படியா வைப்பது, அப்படியா பேசுவது' என்று தினமும் வறண்ட வார்த்தைகளால் துடைக்கிற வீடுகளிலும் அந்த வலையைக் காணலாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் துடைத்திருந்தால் அவ்வளவு கோடும் விழுந்திராது.

இப்படிச் சொன்னால் சிலர் என்னை மடக்கக்கூடும். "அப்படியானால் யாரையும் திருத்தவேண்டாம், தன்னையும் திருத்திக்கொள்ள வேண்டாம் என்கிறீரா? சோம்பேறிக்கு நல்ல தத்துவம் சொல்லிக் கொடுத்தீர்!" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் இந்தத் தொழிலிலேயே பதில் இருக்கிறது.

ஜப்பானில் டொயோட்டாக் கம்பெனியார் 'செஞ்சுரி' என்றொரு வண்டி செய்கிறார்கள். 1967-இல் முதன்முதலாக வந்தது. 2018-இல் அதன் மூன்றாவது மாதிரியைக் கொண்டுவந்தபோது, கறுப்பு வண்டிக்கு ஏழு பூச்சுகள் பூசி, இடையிடையே மூன்று தடவை தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் கண்ணாடி மெருகு கொடுத்தார்கள். அதில் முகம் தெரிகிறதென்றால் அதிசயமில்லை. இதற்கு முன்னோடியான கலையும் அந்த நாட்டிலேயே இருக்கிறது. ஒருவகை மரத்தின் பாலை எடுத்து மரப் பாத்திரங்களின் மேல் மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. பிறகு மரக்கரியால் தேய்த்து, முடிவில் மான் கொம்பைச் சுட்டு எடுத்த பொடியை எண்ணெயில் தொட்டு வெறும் விரலாலும் உள்ளங்கையாலும் மெருகேற்றுவார்கள். உள்ளங்கை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு போகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.

இவர்கள் நிறையத் தேய்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் தேய்க்குமுன் நிறையப் பூசியிருக்கிறார்கள். தேய்ப்பதற்கென்றே கனம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேய்க்கிற உரிமை பூசியவனுக்கு உண்டு. அதுவும் பூசிய அளவுக்குத்தான் உண்டு. ஏழு பூச்சு அன்பு பூசிய தாய், மூன்று தடவை கண்டித்தால் பிள்ளை மினுங்கும். ஒரு பூச்சுக்கூடப் பூசாத சிற்றப்பா வந்து ஒரு தடவை தேய்த்தாலும் தகரம் தெரியும். ஒரே கண்டிப்பு ஒரு வாயிலிருந்து வரும்போது இனிப்பதும், இன்னொரு வாயிலிருந்து வரும்போது எரிவதும் இதனால்தான். தன்னைத் திருத்திக்கொள்வதிலும் இதே கணக்குத்தான். தன்மேல் ஒரு மதிப்பும் பரிவும் இல்லாதவன் விரதம், வைராக்கியம் என்று தன்னைத் தேய்க்கத் தொடங்கினால் ஞானியாவதில்லை; புண்ணாகிறான்.

சோம்பேறி நிறுத்துவதற்கும் மேஸ்திரி நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சோம்பேறி அளந்து பார்க்காமல் நிறுத்துகிறான். மேஸ்திரி நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்துகிறார். இப்போது பூச்சின் கனத்தை மைக்ரான் கணக்கில் காட்டுகிற சிறு கருவிகள்கூட வந்திருக்கின்றன. கதவில் வைத்தால் எண்ணைச் சொல்லிவிடும். மனிதன்மேல் வைத்துப் பார்க்க அப்படியொரு கருவி இல்லை. ஒரு வார்த்தை சொன்னவுடன் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்ப்பது ஒன்றுதான் நமக்குள்ள கருவி. நம்மில் பலர் அந்த நேரத்தில் முகத்தைப் பார்ப்பதில்லை, குறையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விட்டுவைப்பது என்ற மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. கலிபோர்னியாவில் பெபிள் பீச் என்ற கடற்கரையில், 1950-இல் தொடங்கிய மோட்டார் வண்டிகளின் அழகுப் போட்டி ஒன்று நடந்து வருகிறது. உலகத்திலுள்ள செல்வர்கள் எல்லாம் தங்கள் பழைய வண்டிகளைப் பிரித்து, தகரம்வரை சுரண்டி, புதிதாகப் பூசி, தேய்த்துக் கண்ணாடியாக்கி அங்கே கொண்டுவந்து புல்வெளியில் நிறுத்துவார்கள். பளபளப்புக்கு அதைவிடப் பெரிய சந்நிதி கிடையாது. அந்தப் போட்டியில் 2024-இல் முதற்பரிசு எதற்குக் கிடைத்தது தெரியுமா? 1934-ஆம் வருஷத்துப் புகாட்டி டைப் 59 வண்டி ஒன்றுக்கு. அது பந்தய வண்டியாக ஓடிய பின்பு பெல்ஜியத்து மன்னர் மூன்றாம் லியோபோல்டின் கைக்கு வந்தது. அவர் அதற்குக் கறுப்பு வர்ணம் அடித்து நடுவிலே மஞ்சள் பட்டை போட்டார். அந்தக் கறுப்பும் மஞ்சளும் வெடித்து, உதிர்ந்து, ஆங்காங்கே அடித்தளம் தெரிய, அப்படியே நின்றது. அவ்வாறு புதுப்பிக்காமல் பாதுகாத்த வண்டி ஒன்று அந்தப் போட்டியில் முதற்பரிசு பெற்றது அதுவே முதல் தடவை.

கண்ணாடிகளுக்கு நடுவே நின்ற அந்த வண்டியில் பார்த்தவர்கள் முகம் தெரிந்திராது. அதன் முகமே தெரிந்திருக்கும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. விட்டுவைப்பது வேறு, கைவிடுவது வேறு. கொட்டகையில் துருப்பிடிக்க விட்டிருந்தால் அந்த வண்டி மிஞ்சியிராது. தொண்ணூறு வருஷம் கைமாறிக் கைமாறி வந்த ஒவ்வொருவரும் அதை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறார்கள். உப்புத்தாள் கையெட்டும் தூரத்தில் இருந்தும் அதை எடுக்காமல் இருந்திருக்கிறார்கள். எடுக்காமல் இருப்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டும். அதற்கு யாரும் கூலி தருவதில்லை என்பதால் நாம் அதைத் திறனாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம்மோடு கூடவே வாழ்கிறவர்களிடம் நகத்தில் மாட்டுகிற கோடுகள் சில இருக்கத்தான் செய்யும். எப்போதோ விழுந்தவை, பெரும்பாலும் அவர்கள் தாமாகப் போட்டுக்கொண்டவையும் அல்ல. அவற்றை எடுத்துத்தான் தீரவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டால், கோட்டோடு அந்த மனிதரின் குடையும் போய்விடும். ஓரத்தை மட்டும் கொஞ்சம் மழுக்கிவிடுவது நம்மால் முடிகிற காரியம். அதைப் பற்றி மறுபடி மறுபடி பேசாமல் இருப்பது, நாலுபேர் பார்க்க அந்தப் பக்கத்தை வெயிலில் நிறுத்தாமல் இருப்பது, வேறு இடங்களில் நல்ல பூச்சு இன்னும் இருக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது எல்லாம் அந்த மழுக்கல்தான். கோடு இருக்கும், கண்ணைக் குத்தாது.

எவ்வளவு தேய்க்கலாம் என்று கேட்டால் மைக்ரான் கணக்கில் என்னால் பதில் சொல்ல முடியாது. நாளைக்கு யாரையாவது திருத்தப் புறப்படுமுன், இதுவரை அவர்மேல் நாம் பூசியது எவ்வளவு என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்தால், பதில் தானாகவே தெரிந்துவிடும். பூசியது ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் பூசத் தொடங்கலாம்.